சிசிஎன்ஏ பயிற்சிக்கு எந்த ஸ்விட்ச் வாங்கலாம்?

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏ-வுக்கு வீட்டில் பயிற்சி செய்ய மூன்று ஸ்விட்ச் (கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் கருவி) வேண்டும். இரண்டை ஒரே கேபிளில் இணைத்தால் ஸ்பானிங் ட்ரீ (தரவு சுற்றிச் சுற்றி வராமல் காக்கும் நெறிமுறை) தடுக்க வேண்டிய வளையமே உருவாகாது. மூன்றை முக்கோணமாக இணைத்தால்தான் எந்த போர்ட் அடைபடுகிறது, ரூட் பிரிட்ஜ் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமை ஸ்விட்ச்) மாறினால் என்ன நடக்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும்.

பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 இரண்டு, 3560 ஒன்று நல்ல சேர்க்கை. வீலான்களுக்கு (ஒரே ஸ்விட்சில் பிரிக்கப்படும் தனித்தனி நெட்வொர்க்குகள்) இடையே ரூட்டிங் செய்ய 3560 கைகொடுக்கும். 2950 மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், மிகப் பழையது. 2960-இல் மாடல் எண் ‘எல்’ என முடிவதையே எடுங்கள்; ‘எஸ்’ என்றால் வசதிகள் குறைந்த லேன் லைட் பதிப்பு. வாங்கும் முன் ‘ஷோ வெர்ஷன்’ வெளியீட்டைக் கேளுங்கள்: இமேஜ் (ஸ்விட்சின் இயக்க மென்பொருள் கோப்பு) பெயரில் ‘கே9’ இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) பயிற்சி நடக்காது. படுக்கையறையில் வைப்பதானால் மின்விசிறி இல்லாத 8 போர்ட் மாடல் நிம்மதி.

ஸ்விட்சைக் கணினியிலிருந்து நேரடியாக இயக்க உதவும் கன்சோல் கேபிளை மறக்காதீர்கள், வேகம் 9600 பாட். முந்தைய உரிமையாளரின் பாஸ்வேர்ட் இருந்தால், மோட் பட்டனை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, ‘ஃபிளாஷ் இனிட்’ கட்டளைக்குப் பின் பழைய அமைப்புகள் உள்ள கான்ஃபிக்.டெக்ஸ்ட் கோப்பை அழித்துவிடுங்கள். வீலான்.டேட் கோப்பையும் சேர்த்தே அழிக்க வேண்டும், இல்லையேல் பழைய வீலான்கள் அப்படியே நிற்கும்.

3560-இல் ட்ரங்க் (பல வீலான்களை ஒரே இணைப்பில் கடத்துவது) கட்டளை மறுக்கப்பட்டால், முதலில் என்காப்சுலேஷனை (வீலான் அடையாளமிடும் முறை) டாட்1கியூ என்று அமையுங்கள். 2960-க்கு அது தேவையில்லை.