வகுப்பில் முதல் ரேங்க், பட்டியலில் பின்னால்: கட்-ஆஃப் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் புதுவயல், கண்டனூர், ஆத்தங்குடி என்று சுற்றுப்பட்ட ஊர்ப் பிள்ளைகளெல்லாம் கல்லூரிக்கு விண்ணப்பம் போட அப்பா அம்மாவோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் பெற்றோர் சொல்வது, "வகுப்புலயே இவதாண்ணே முதல் ரேங்க்." சந்தோஷம்தான். ஆனால் அந்த ரேங்கை எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பொறியியலுக்கு 2007-லிருந்து மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூவில் மூன்று பாட மார்க்தான் எல்லாம். கணிதம் அப்படியே நூற்றுக்கு. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். இந்த வரிசையில்தான் மாநிலம் முழுக்க ரேங்க் பட்டியல் போடுவார்கள்.

ஒரு தடவை தோழிகள் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தி வகுப்பில் முதல். கணிதம் 78, இயற்பியல் 84, வேதியியல் 90. இன்னொருத்தி நாலாவதோ ஐந்தாவதோ. கணிதம் 92, இயற்பியல் 74, வேதியியல் 78. மூன்றையும் கூட்டினால் முதல் பிள்ளைக்கு 252, இரண்டாமவளுக்கு 244. இப்போது கட்-ஆஃப் போடுங்கள். 78, 42, 45, ஆக 165. அடுத்தது 92, 37, 39, ஆக 168. முதல் ரேங்க் பிள்ளை பின்னால் போய்விட்டது. அதன் அப்பா என் கால்குலேட்டரை வாங்கி மூன்று முறை போட்டுப் பார்த்தார். கணிதத்தில் ஒரு மார்க் என்றால் ஒரு மார்க். மற்ற இரண்டில் அரை மார்க். பிளஸ் டூ ஆரம்பத்திலேயே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிக்குக் கணக்கே வேறு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க், மற்றப் படிப்புகளுக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடமும் சேர்த்து 400-க்கு. இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளை தமிழில் 96 வைத்திருந்தால், தமிழ்ப் பட்டியலில் மேலே நிற்கும். வீட்டில் திட்டு வாங்குவதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே கட்-ஆஃப் நிறையப் பேருக்கு வரும். அப்போது முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அதுவும் சமம் என்றால் இயற்பியல். இப்படியே போய், பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதிலும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண். குலுக்கல் மாதிரிதான், ஆனால் அதுவரை போவது அபூர்வம்.

சரி, ரேங்க் வந்துவிட்டது. ஒரே பிள்ளைக்குப் பொது ரேங்க், இன ரேங்க் என்று இரண்டு இருக்கும். பொதுப் பிரிவு 31 சதவீதம் முற்பட்ட வகுப்பினருக்கு என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது எல்லாருக்கும் திறந்த இடம். மார்க் இருந்தால் யாரும் போகலாம். மீதி 69 சதவீதம்தான் இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, அது போகப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் தனி. அவர்களுக்கு அதற்கும் ஒரு ரேங்க் வரும், கட்டணத்தையும் அரசே கட்டும். எங்கள் பக்கத்தில் பெரிய சிக்கல் இங்கேதான். நகரத்தார் கட்டிக் கொடுத்த பள்ளிகள் இங்கே ஏராளம். அவற்றில் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். வாத்தியாருக்கு அரசு சம்பளம், பிள்ளைக்கு அரசு புத்தகம். ஆகவே அரசுப் பள்ளி என்றே குறித்துவிடுகிறார்கள். 7.5-க்கு அது செல்லாது. "புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் வருதே அண்ணே" என்று வாதாடுவார்கள். அது கல்லூரி போகும் பெண்களுக்கு மாதாமாதம் பணம் தரும் திட்டம், இது வேறு. சந்தேகம் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் டிக் அடியுங்கள்.

எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று பார்க்கும்போது, போன வருடம் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃப்பைவிட அவர் ரேங்கை நம்புங்கள். கணக்குப் பேப்பர் கடினமாக வந்தால் எல்லார் கட்-ஆஃப்பும் சேர்ந்து இறங்கும். இங்கே நம் ஊர் அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி வேண்டுமென்றால், நீங்கள் கேட்கும் பாடப் பிரிவில் உங்கள் இனத்துக்குக் கடைசியாக இடம் கிடைத்த ரேங்க் எது, உங்கள் ரேங்க் எது என்று பாருங்கள்.

சாய்ஸ், அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பாடப் பிரிவுகளையும் வரிசையாகக் கொடுப்பதில் பயமே வேண்டாம். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். ஆகவே கிடைக்காது என்று தோன்றுவதை மேலே போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. நிறையப் போடாததுதான் நஷ்டம். இது என் தங்கச்சி மகன் விஷயத்தில் நானே பட்டது. "மாமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் போதும், நாலு காலேஜ் போடு" என்றான். ஊருக்கெல்லாம் சொல்கிற நான் அவன் பேச்சைக் கேட்டு நாலே நாலு போட்டேன். அவன் முறை வருவதற்குள் நாலும் நிரம்பிவிட்டது. அடுத்த சுற்றில் மிச்சம் கிடந்ததில், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி ஒரு கல்லூரி. தங்கச்சி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

வரும்போது சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், மார்க் பட்டியல் எல்லாம் ஒரிஜினலாகக் கொண்டு வாருங்கள். ஓடிபி வருகிற போனும் கையில் இருக்கட்டும். போன வருடம் ஒரு பையன் என் கடையில் உட்கார்ந்திருந்தான். ஓடிபி புதுவயல் அரிசி மில்லில் அவன் அப்பா சட்டைப் பையில் வந்துகொண்டிருந்தது.