பரிசலுக்குள் சேரும் தண்ணீரை இறைப்பது எப்படி? புதிதாகத் துடுப்பு பிடிப்பவர்களுக்கு

கிருஷ்ணகிரி அணைப் பக்கமோ ஊர் ஏரியிலோ பரிசல் ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் கேட்பது துடுப்பைப் பற்றித்தான். சுற்றாமல் நேராகப் போவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. காலடியில் சேரும் தண்ணீரைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சின்னப் பாய்மரப் படகுகள் பலவற்றில் ஆள் உட்காரும் குழியின் தரை, வெளித் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்கும். துளை வைத்துவிட்டால் உள்ளே விழுந்த தண்ணீர் தானாக வடிந்துவிடும். பரிசலில் அது நடக்காது. தரையே வெளித் தண்ணீருக்குக் கீழேதான் இருக்கிறது. ஓட்டை போட்டால் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும். ஆகவே விளிம்புக்கு மேலாக மொண்டு ஊற்றுவது ஒன்றே வழி.

எவ்வளவு தண்ணீர் வரை பொறுக்கலாம்? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பரிசலின் தரை 6 அடி அகலம், சமமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 65 லிட்டர், அதாவது 65 கிலோ. கூடுதலாக ஓர் ஆளை ஏற்றிய மாதிரி. அந்த ஆளும் ஓரிடத்தில் உட்கார மாட்டார். பரிசல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய்ச் சாய்வை இன்னும் கூட்டுவார். அதனால் கணுக்கால் நனையும்வரை காத்திருக்காதீர்கள். தரையில் தண்ணீர் தளும்புவது கண்ணுக்குத் தெரிந்தாலே இறைக்கத் தொடங்கிவிடுங்கள்.

இறைக்கும் டப்பா

கைப்பிடி வைத்த 5 லிட்டர் எண்ணெய் கேன் போதும். மூடியை இறுக்கி மூடுங்கள். கேனைப் படுக்கவைத்து, கைப்பிடி மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டி எடுங்கள். கைப்பிடிப் பக்கம் குட்டையாகவும் எதிர்ப்பக்கம் நீளமாகவும் வர வேண்டும். அந்த நீளமான உதடுதான் தரையை வழித்து அள்ளும். பிளாஸ்டிக் வளைந்துகொடுப்பதால் மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீரும் வந்துவிடும். தகர டப்பா, எவர்சில்வர் சொம்பு வேண்டாம். அவற்றின் விளிம்பு, தண்ணீர் புகாமல் இருக்க மூங்கிலுக்கு அடியில் போர்த்தியிருக்கும் ஷீட்டைக் கிழித்துவிடும். கைப்பிடியில் ஒரு கயிறு கோத்துப் பரிசலின் விளிம்பில் கட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு பெரிய ஸ்பாஞ்சும் பழைய துண்டும் வேண்டும்.

தண்ணீரில் இருக்கும்போது

லைஃப் ஜாக்கெட் போடாமல் எதுவும் வேண்டாம். ஓட்டம் இருக்கிற இடத்தில் நின்று இறைக்கக் கூடாது, முதலில் கரைக்கு வாருங்கள். துடுப்பைக் கீழே வைத்த நொடியே பரிசல் தன் இஷ்டத்துக்குச் சுற்றும். ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கு நடுவே போகிறது. அங்கே அனுபவப்பட்ட பரிசல் ஓட்டிகள் ஓட்டட்டும், நாம் பயணிகளாகப் போவோம். பழகுவதற்கு ஆழம் குறைந்த, ஓட்டமில்லாத ஏரிதான் சரி. மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எழுந்து நிற்காதீர்கள். முழங்காலை அகட்டி மண்டியிடுங்கள். கூட வந்தவர் எதிர்ப்பக்கம் அசையாமல் உட்காரட்டும். இனி நீங்கள் நடுவிலிருந்து கொஞ்சம், கொஞ்சம்தான், ஒரு பக்கமாக நகர்ந்தால் தண்ணீர் தானே உங்கள் முழங்காலுக்கு வந்துசேரும். பரப்பில் தேடி அள்ளுவதைவிட இப்படி ஓரிடத்தில் கூட்டி அள்ளுவது பாதி வேலை. உங்கள் பக்கத்து விளிம்பு வெளித் தண்ணீரிலிருந்து ஒரு சாணுக்குக் குறைந்தால் உடனே நடுவுக்குத் திரும்புங்கள்.

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஊற்றுங்கள். எதிர்க்காற்றில் வீசினால் பாதி திரும்பி மடியில் விழும். கையை உயர்த்தி வீசவும் வேண்டாம், விளிம்பைத் தாண்டினால் போதும். மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றிப் பிழியுங்கள்.

எங்கிருந்து வந்தது?

தரையைத் துண்டால் துடைத்துவிட்டு, துடுப்பு போடாமல் பத்து நிமிடம் பாருங்கள். காய்ந்தே இருந்தால் துடுப்பிலிருந்தும் வலையிலிருந்தும் சொட்டிய தண்ணீர்தான். ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப நனைந்தால் அது கசிவு. அங்கே துண்டை மடித்துவைத்து முழங்காலால் அழுத்தியபடி கரைக்கு வந்துவிடுங்கள். நன்றாகக் காயவைத்த பிறகு, துணியும் சூடான தாரும் வைத்து ஒட்டுப்போடலாம். ஒட்டு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் அழுத்தமே அதைப் பரிசலோடு சேர்த்து அமுக்கும். உள்ளே ஒட்டினால் அதே அழுத்தம் பிய்த்துத் தள்ளும்.

கரையேறிய பிறகு

தண்ணீரோடு பரிசலைச் சாய்க்கும் அவசரம் வேண்டாம். முழு எடையும் ஒரே ஓரத்துக்கு வந்து மூங்கில் முறியும். முக்கால்வாசி இறைத்துவிட்டு, இரண்டு பேர் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். பிறகு கவிழ்த்துவைத்து, ஒரு பக்கம் கல்லை முட்டுக்கொடுத்துக் கொஞ்சம் தூக்கி விடுங்கள். காற்று உள்ளே போனால்தான் மூங்கில் காயும்.