மார்கழி, தையில் வேலூரைச் சுற்றி: சைக்கிளும் மலைநடையும் தொடங்குவது எப்படி?

வேலூர்க்காரர்களிடம் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் "வெயில் போகட்டும்" என்பார்கள். வெயில் போனதும் "பனி போகட்டும்" என்பார்கள். இப்படியே பார்த்தால் வருஷத்தில் ஒரு மாதம்கூட மிஞ்சாது. சித்திரையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊர் இது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மட்டும் விடியற்காலை 17, 18 டிகிரிக்கு இறங்கும். புதிதாகச் சைக்கிள் மிதிக்கவோ மலை ஏறவோ நினைப்பவர்கள் இந்த இரண்டு மாதத்தை விட்டால் அடுத்த வருஷம்தான். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் நேரம்

மார்கழியில் அலாரம் வைக்க வேண்டியதே இல்லை, கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். ஆனால் அந்த வேகத்தில் நாலரை மணிக்கே சாலையில் இறங்காதீர்கள். இந்த நாட்களில் சூரியன் வருவதே ஆறரை மணிக்கு மேல்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் வெளுத்துவிடுவதால் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஏரிகளிலும் கழனிகளிலும் ஈரம் இன்னும் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் பாலாற்றை ஒட்டிய தாழ்வான இடங்களில் மூடுபனி கட்டுகிறது. சூரியன் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அது கனமாகவே நிற்கும். தெளிவான நாளில் ஆறேகாலுக்கு, பனி கட்டிய நாளில் ஏழு மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகிப் பண்டிகை அன்று காலை மட்டும் வீட்டிலேயே இருங்கள். பனியோடு டயர் புகையும் கலந்த காற்றில் மூச்சு வாங்கிப் பயன் இல்லை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம், பையில் கடலை மிட்டாய் இருக்கட்டும்.

படி 2: வீட்டில் கிடக்கும் சைக்கிளே போதும்

கியர் சைக்கிள் வாங்கினால்தான் ஆச்சு என்று நினைத்து ஆரம்பிக்காமலே இருப்பவர்கள் நிறைய. மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் சைக்கிளை வெளியே எடுங்கள்.

முதலில் டயர். பக்கச் சுவரில் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று எண் பொறித்திருக்கும், அந்த அளவுக்குள் அடியுங்கள். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் டயரையே மாற்றுங்கள், டியூபை மட்டும் மாற்றிப் பலனில்லை. அடுத்து பிரேக். லீவரை அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. பிரேக் கட்டையில் உள்ள கோடுகள் தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தால் புதிது போடுங்கள், அதற்குப் பெரிய செலவு ஆகாது. செயினைப் பழைய துணியால் அழுக்குப் போகத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் திரும்பத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்தக் குளிரில் அது உறைந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

சீட் உயரத்தில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் உங்கள் அளவு. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் ஒரே வாரத்தில் முழங்கால் வலிக்கும், பழி சைக்கிள் மேல் விழும்.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மணி, ஹெல்மெட். இந்த நான்கும் இல்லாமல் மார்கழியில் தெருமுனையைக்கூடத் தாண்டக் கூடாது.

பனிமலை நாடுகளில் உறைபனி மேலேயே ஓட்டும் தடித்த டயர் சைக்கிள்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். டயர் ஏறக்குறைய 4 அங்குல அகலம். காற்றழுத்தத்தை 10 பி.எஸ்.ஐ.க்கும் (டயர் காற்றை அளக்கும் அலகு) கீழே இறக்கி ஓட்டுவார்கள். டயர் பரந்து படிந்து எடை விரிந்துவிடுவதால் பனியில் புதையாது. மணலுக்கும் இதே கணக்குதான் என்பதால், வறண்ட பாலாற்று மணலில் அது ஜோராகப் போகும். நம் ஊர்க் கடைகளிலும் இப்போது தொங்குகிறது. ஆனால் தார்ச்சாலையில் அதை மிதிப்பது பெரும்பாடு. முதல் சைக்கிளாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஆற்றில் ஓட்டிப் பாருங்கள். மணல் அள்ளிய குழிகள் இருக்கும், முன்னால் பார்த்து ஓட்டுங்கள்.

படி 3: உடை

ஸ்வெட்டர், மப்ளர் எல்லாம் போர்த்திக்கொண்டு கிளம்பினால் பத்தே நிமிடத்தில் வியர்த்து, அந்த ஈரத்தில்தான் பிறகு நடுங்குவீர்கள். உள்ளே சீக்கிரம் காயும் விளையாட்டு பனியன், மேலே கழற்றிப் பையில் திணிக்கும்படி மெல்லிய ஜாக்கெட். அவ்வளவுதான். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுவே சரியான அளவு. காதை மூட ஒரு துணி, வெளிர் நிறச் சட்டை. வேட்டி, துப்பட்டா, தொளதொள பேன்ட் செயினில் மாட்டும், எச்சரிக்கை.

படி 4: முதல் இரண்டு வாரம் சமதளம்

கோட்டையிலிருந்து தொடங்குங்கள். அகழியை ஒட்டி நடக்கிறவர்கள் காலையில் நிறையப் பேர் உண்டு, துணைக்குப் பஞ்சமில்லை. முதல் நான்கைந்து நாள் அரை மணி நேரம் போதும். பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். அப்புறம் காட்பாடியிலிருந்து திருவலம் இரும்புப் பாலம் வரை. போக வர ஏறக்குறைய 25 கி.மீ., ஏற்றம் அதிகம் இல்லை. பொன்னையாற்றைப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்துத் திரும்பலாம். மேற்குப் பக்கம் வசிப்பவர்களுக்கு விரிஞ்சிபுரம். கோயிலுக்குள் நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல் ஒன்று உண்டு, வெயில் வந்த பிறகு போனால் மணி பார்க்கலாம். எங்கே போனாலும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் நடுப்பாதையில் ஏறாதீர்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய சில சங்கதிகள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பலவற்றுக்குப் பின்விளக்கு இருக்காது. இருட்டில் அதன் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், கரும்புச் சோகை முகத்தில் அறையும். தை பிறந்ததும் கிராமங்களில் மாடு விடும் விழா தொடங்கும். தெருவின் இருபுறமும் கட்டை கட்டியிருந்தால் அன்றைக்கு அந்த வழி வேண்டாம், சுற்றிப் போங்கள். அப்புறம் கோலம். குறுகலான தெருவில் அரிசி மாவு இன்னும் ஈரமாக இருக்கும், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. "பாத்துப் போ கண்ணு, கோலம் கோலம்!" என்று ஒரு குரல் வரும். இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூடுபனிக்கு ஒரே விதி. இரண்டாவது மின்கம்பம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி, விளக்கை அணைக்காமல் டீக்கடையில் காத்திருங்கள்.

படி 5: முதல் ஏற்றம் படிக்கட்டில்

மலை என்றதும் காட்டுப் பாதைக்கு ஓடாதீர்கள். வள்ளிமலை, ரத்தினகிரி, கொஞ்சம் பழகியதும் 1,300க்கும் மேல் படிகள் உள்ள சோளிங்கர் பெரிய மலை என்று வரிசையாகப் போகலாம். வள்ளிமலையை முதலில் வைப்பதற்குக் காரணம், ஏற்றம் அளவானது, நின்று பார்க்கவும் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பிடுங்கும், தின்பண்டத்தைக் கீழேயே முடித்துவிடுங்கள்.

ஏறும்போது வலிப்பது தொடை, இறங்கும்போது வாங்குவது முழங்கால். எனவே இறங்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள். முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள், குதிக்காதீர்கள். காலை எட்டு மணி வரை நிழல் பக்கப் பாறையில் பனி ஈரம் இருக்கும், தேய்ந்த செருப்பு அதில் நிற்காது. அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவதுதான் தண்ணீர் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

படி 6: சைக்கிளில் மலைச்சாலை

ஓட்டேரி வழியாகப் பாலமதி. மூன்று நான்கு வாரம் சமதளத்தில் ஓட்டியவர்களுக்கு இது சரியான பரீட்சை. கியர் இருந்தால் முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது. ஏற்றம் வந்த பிறகு மாற்றினால் செயின் கடகடக்கும், வருமுன்பே மாற்றுங்கள். கியர் இல்லாதவர்கள் முடிந்தவரை மிதித்துவிட்டு இறங்கித் தள்ளலாம். அதுவும் பயிற்சிதான், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இறக்கத்தில்தான் கவனம். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடக் கூடாது, நேர்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் ரிம் சூடேறும். உடல் எடையைச் சீட்டின் பின்பக்கம் தள்ளுங்கள். நிழலான வளைவில் சருகும் பனி ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். பொன்னேரியிலிருந்து 14 வளைவுகளோடு ஏறும் ஏலகிரிச் சாலைக்கும் இதே பாடம்தான், ஆனால் அங்கே சுற்றுலா வண்டிகள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

படி 7: காட்டுப் பாதை

அமிர்தி, ஜவ்வாது மலை, ஏலகிரியில் மங்கலம் கிராமத்திலிருந்து ஏறும் சுவாமிமலை. இவற்றுக்கெல்லாம் கேட்காமல் போகக் கூடாது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. போகுமுன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அதில் பாருங்கள், இல்லையென்றால் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு: 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மாசி பிறந்தால் நம் மலைப் புல்லும் காய்ந்துவிடும், பாதைகளையும் மூடிவிடுவார்கள்.

ஜவ்வாதில் கரடி உண்டு. நான்கு பேராகப் பேசிக்கொண்டே போங்கள், சத்தம் கேட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். பெரிய தேன்கூடு தெரிந்தால் சென்ட், புகை எதுவும் கூடாது. மலைக் கிராமத்தில் வழி கேட்கும்போது, "அண்ணே, மேலே போலாமா? தண்ணி கெடைக்குமா?" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி பேசித் துணைக்கு அழைத்துப்போவது இன்னும் நல்லது. பாதி வழியில் மணி பதினொன்றாகிவிட்டால் உச்சி தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள், தையிலும் உச்சிவெயில் சுடும்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் விழாமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சுவரில் கை ஊன்றி, கெண்டைக்காலை ஒவ்வொன்றாக அரை நிமிடம் இழுத்து நிறுத்துங்கள். வெண்பொங்கலோ கேழ்வரகுக் கூழோ, வயிறு கேட்டதைச் சாப்பிடலாம். அதற்கு முன் செயினில் படிந்த பனி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.