பாங்காக்கில் புதுக்குடித்தனமா? முதலில் சோய் முனைச் சந்தைக்குப் போங்கள்

வேலை கிடைத்து பாங்காக்கில் வந்திறங்கும் நம்மவர்கள் முதல் மாதம் சாப்பிடுவது பெரும்பாலும் மூன்றே வழிகளில்தான்: ஆபீஸ் கட்டடத்து ஃபுட் கோர்ட், சீலோம் பக்கத்து இந்திய உணவகம், ஊரிலிருந்து வந்த பொடி டப்பா. நானும் அப்படித்தான் இருந்தேன். வீட்டிலிருந்து நடந்தால் மூன்று நிமிடத்தில் ஒரு முழுச் சந்தை. மீன் வாடைக்குப் பயந்து ஆறு வாரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஆறு வாரம் உங்களுக்கு வீணாக வேண்டாம்.

சீனர் தெருவான யாவ்வராத், வார இறுதிச் சந்தையான ஜதுஜக் என்று பெயர் பெற்ற இடங்களுக்கு அப்புறம் போகலாம். முதலில் உங்கள் சோய் முனையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சோய் என்றால் சந்து, தலாத் என்றால் சந்தை. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கூடுவது தலாத் நட்; நம் வாரச்சந்தையேதான். காலைச் சந்தை விடியும் முன்பே தொடங்கி ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும். அந்த நேரத்தில் பிட்சைக்கு வரும் பிக்குகளுக்கு வழிவிட்டு நில்லுங்கள். பெண்கள் அவர்கள்மேல் படக் கூடாது. சாயங்காலக் கடைகள் நான்கு மணி வாக்கில் முளைக்கும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தால் சுற்றியிருப்பவர்கள் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள்.

ஒரே கடைக்குத் தொடர்ந்து போங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. மூன்றாம் நாள் கடைக்காரருக்கு உங்கள் முகம் தெரியும். ஒரு வாரத்தில் நீங்கள் எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதும் தெரிந்துவிடும். வயதான அம்மாவை ‘பா’ என்றும், பெரியவரை ‘லுங்’ என்றும் கூப்பிடுங்கள். பெரியம்மா, பெரியப்பா மாதிரிதான். முறை வைத்துக் கூப்பிடுவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன. வாக்கியத்தின் முடிவில் ஆண்கள் ‘க்ராப்’, பெண்கள் ‘கா’ சேர்த்தால் மரியாதை. அவர்கள் ‘கின் காவ் ரூ யாங்?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டாச்சா?’ என்று அர்த்தம். முதல் தடவை அது புரிந்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

சந்தையில் பயம் விலகுவதற்கு நல்ல வழி, சமைத்த உணவை விட்டுவிட்டு முதலில் காய்கறிப் பக்கம் நடப்பது. அங்கே பாதி நம் சரக்கு. கொத்தாக வைத்திருக்கும் பச்சை உருண்டைகளை உற்றுப் பாருங்கள், சுண்டைக்காய். நாம் வற்றல் போடுவதை இவர்கள் பச்சையாகவே தேங்காய்ப்பால் குழம்பில் போடுகிறார்கள். முருங்கைக்காய் உண்டு, ‘மரும்’ என்று கேளுங்கள். வாழைப்பூ, அகத்திப்பூ, பாகற்காய் எல்லாம் உண்டு. வல்லாரையைச் சாறாக்கி ஐஸ் போட்டு விற்கிறார்கள். நீலமாக ஒரு பானம் இருந்தால் அது சங்குப்பூ. இலங்கைக்காரர்களுக்கு ரம்பை இலையின் வாசம் இனிப்புக் கடைக்குக் கடை வீசும். பழுத்த பனம்பழத்தைப் பிழிந்து அரிசி மாவில் சேர்த்து அவிக்கும் மஞ்சள் பலகாரம் ‘கனோம் தான்’. பனை மண்ணில் வளர்ந்தவர்கள் கட்டாயம் தேடிச் சாப்பிட வேண்டியது. அப்புறம் துளசி. ‘கப்ராவ்’ என்று கட்டுக் கட்டாக விற்பது நம் மாடத்துத் துளசியின் இனமேதான். பூண்டு, மிளகாயோடு கோழியையோ பன்றியையோ வதக்கி, கடைசியில் அதை ஒரு கை அள்ளிப் போட்டால் பத் கப்ராவ். தாய்லாந்தின் அன்றாடச் சாப்பாடு என்றால் இதுதான், தெருக்கடையில் 50 முதல் 70 பாட் (தாய்லாந்து நாணயம்) விலைக்குள் கிடைக்கும்.

கறிவேப்பிலைதான் அபூர்வம். அதற்கும் பருப்பு, அரிசி மாவு வகைகளுக்கும் பஹுரத் என்ற இந்தியர் கடைத்தெருவுக்குப் போங்கள், சாம் யோட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். ‘நமக்குத்தான் காரம் பழக்கமாச்சே’ என்ற நினைப்போடு உட்காராதீர்கள். நம் காரம் எண்ணெயில் தாளித்து, புளியிலும் தேங்காயிலும் அடங்கி வருவது. இங்கே பச்சை மிளகாயை அப்படியே நசுக்கிக் கொடுப்பார்கள். ‘பெட் நோய்’ என்றால் காரம் கொஞ்சமாக. முதலில் அதையே சொல்லுங்கள். இறைச்சியில் மூ என்றால் பன்றி, நுவா என்றால் மாடு, ப்லா என்றால் மீன், குங் என்றால் இறால். கோழிக்கும் முட்டைக்கும் உள்ள பெயர்கள்தான் நம் காதைச் சோதிக்கும். இரண்டையும் தமிழில் எழுதினால் ‘கை’ என்றுதான் வரும். கோழியின் ககரம் மூச்சுவிடாமல் கெட்டியாக வரும். முட்டையின் ககரத்தில் காற்று தள்ளிக்கொண்டு வரும். முட்டை கேட்டுக் கோழி வாங்கிய நாட்கள் எனக்கு நிறைய. பொரித்த முட்டை வேண்டுமென்றால் ‘கை டாவ்’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள், நட்சத்திர முட்டை என்று பொருள். குழப்பமே வராது.

சைவம் சாப்பிடுபவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கே சிக்கல் இறைச்சியில் இல்லை, அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது. கீரை வதக்கலில் சிப்பிச் சாறு இருக்கும். குழம்பு விழுதில் இறால் விழுது அரைபட்டிருக்கும். நான் வந்த புதிதில் பப்பாளிக்காய் சாலட்டான சொம் தாம் வாங்க நின்றேன். மண் உரலில் பூண்டு, மிளகாய், பனைவெல்லம், காராமணிக்காய் எல்லாம் விழுந்தன. எல்லாம் நம் சாமான்தான் என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி காய்ந்த இறால் விழுந்தது, பின்னாலேயே ஒரு கரண்டி மீன் சாறு. உலக்கை இடிப்பது நிற்கவே இல்லை. தடுக்க எனக்கு வார்த்தை தெரியவில்லை. ‘மாய் சாய்’ என்றால் ‘போடாதீர்கள்’. ‘மாய் சாய் நாம் ப்லா’ என்றால் மீன் சாறு வேண்டாம், ‘மாய் சாய் குங் ஹேங்’ என்றால் காய்ந்த இறால் வேண்டாம். உரலில் எதுவும் விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் ஒரே உரல், ஒரே வாணலி என்பது மனதை உறுத்தினால் ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்க்க 17 என்ற எண் மாதிரி ஓர் எழுத்து இருக்கும். சீன பௌத்த மரபில் வந்த விரத உணவு அது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. ‘மங்சவிரத்’ என்ற சொல்லும் சைவத்தைத்தான் குறிக்கும், ஆனால் அதில் முட்டை வரலாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஜே விழா. நம் கணக்கில் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அந்த நாட்களில் யாவ்வராத் முழுக்க மஞ்சள் கொடிதான். ஹலால் பார்ப்பவர்கள் கடையில் ஹலால் முத்திரையைப் பாருங்கள். வாழைப்பழ ரொட்டி சுடும் தள்ளுவண்டிக்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான்.

பணம் என்றால் 20, 50, 100 பாட் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் தருவது பெரும்பாலும் 1000 பாட் நோட்டு. விடிகாலையில் அதை நீட்டினால் பாவம், கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. முதலில் 24 மணி நேரக் கடையில் ஏதாவது வாங்கி மாற்றிவிடுங்கள். உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்த பிறகு கியூஆர் ஸ்கேன் செய்தே எல்லாம் நடக்கும். விலைப்பலகையில் ‘கீத்’ என்று இருந்தால் அது கிலோவின் விலை இல்லை, 100 கிராமின் விலை. மலிவு என்று நினைத்து எடை போட்ட பிறகு திகைத்து நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சுத்தம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கூட்டம் இருக்கும் கடை, கண்ணெதிரே சூடாகச் சமைக்கும் கடை, இரண்டும் போதும். நடுவில் ஓட்டையோடு குழாய் வடிவில் இருக்கும் ஐஸ், தொழிற்சாலையில் செய்வது; நான் தயங்காமல் குடிக்கிறேன். மதியம் மூன்று மணிக்குத் தட்டில் ஆறிக் கிடக்கும் தேங்காய்ப்பால் குழம்பை மட்டும் தொடாதீர்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகு பெரிய சந்தைகள். காம்பேங் பெட் மெட்ரோ நிலையத்தை ஒட்டியது ‘ஓர் தோர் கோர்’ சந்தை, விலை அதிகம், ஆனால் பளிச்சென்று இருக்கும். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை முதலில் அங்கே கூட்டிப் போங்கள். ஏப்ரல், மே மாதமென்றால் மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் அங்கேயே சாப்பிடலாம். வாங் லாங் சந்தை எனக்கு மிகவும் பிடித்தது. தா சாங் துறையிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் சிரிராஜ் மருத்துவமனை பக்கத்தில் இறங்கலாம், பகலிலேயே போய்விடுங்கள். யாவ்வராத்துக்கு வாட் மங்கோன் மெட்ரோ நிலையம், ஆறு மணிக்கு மேல். திங்கட்கிழமை தெருக்கடைகள் நிறைய இருக்காது. க்ளோங் தோய் பெரிய மொத்தச் சந்தை, தரை ஈரமாக இருக்கும், உயிர்க்கோழியும் தவளையும் கூண்டில் இருக்கும். மூடிய செருப்போடு, மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். வெற்றிச் சின்னம் (விக்டரி மானுமென்ட்) பக்கத்துப் படகு நூடுல்ஸ் சின்னக் கிண்ணத்தில் வரும், பார்க்க ஆசையாக இருக்கும். அந்தக் கருஞ்சாறில் இரத்தம் கலப்பது வழக்கம், தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

சீலோம் மாரியம்மன் கோயில் 1870-களில் தமிழர்கள் எழுப்பியது. தாய்லாந்து மக்கள் அதை ‘வாட் கேக்’ என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அப்படிச் சொல்வதுண்டு. வாழைப்பழத்தை அரிசி மாவிலும் தேங்காயிலும் எள்ளிலும் தோய்த்துப் பொரித்தால் அதன் பெயர் ‘க்ளுவாய் கேக்’. பஜ்ஜி என்று நினைத்துக் கடித்தால் இனிக்கும்.

போன வருடம் அம்மா இரண்டு மாதம் வந்திருந்தார், சுத்த சைவம். முதல் வாரம் சந்தைப் பெயரைச் சொன்னாலே மூக்கைப் பொத்தினார். ஒரு நாள் காலை எங்கள் சோய் முனையில் கனோம் க்ரோக் சுடும் பா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். குழி குழியான இரும்புக் கல். அரிசி மாவுக் கரைசலைக் குழிகளில் ஊற்றி, ஓரம் முறுகத் தொடங்கும்போது மேலே இனிப்பும் உப்புமாகக் கெட்டித் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை வெங்காயத்தாள், மூடி. திறந்து கரண்டியால் நெம்பி எடுத்து, இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வைத்தார் பா. அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘நம்ம பணியாரக் கல்லுடி இது’ என்றார். ஒன்றை வாயில் போட்டு, உள்ளே இன்னும் இளகியிருந்த தேங்காய்ப்பால் சுட்டதால் அப்படியே வாயைத் திறந்துகொண்டு நின்றார். மறுநாள் நான் எழுவதற்குள் சாமி விளக்குப் பக்கத்திலிருந்து இரண்டு 20 பாட் நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வாங்கி வந்திருந்தார். என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்றேன். ‘பா-ன்னேன். அப்புறம் ஜே-ன்னேன். கொடுத்துட்டாங்க.’