ரெண்டு ப்ராசசர் போட்ட டெஸ்க்டாப் வாங்கலாமா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி செஞ்சு பாக்க வேண்டியது

செகண்ட் ஹேண்ட் ஜியான் இ5-2680 வி4 (இன்டெலோட பழைய சர்வர் சிப்) ரெண்டு, அதை மாட்ட ஒரு டூயல் சாக்கெட் போர்டு, மொத்தம் 28 கோர் (சிப்புக்குள்ள தனித்தனியா வேலை பாக்குற பகுதி), 56 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடக்கூடிய வேலை வரிசை), சல்லிசா கிடைக்குது வாங்கிடவான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வேகத்துக்காகன்னா வாங்காதீங்க, ரேம் நிறைய போடணும், கிராபிக்ஸ், நெட்வொர்க் மாதிரி கார்டு நிறைய சொருகணும்னா வாங்கலாம், இதான் என் பதில். ஏன்னு படிப்படியா சொல்றேன், நீங்களே செஞ்சு பாத்து முடிவு பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை. 1999-ல ஏபிட் பிபி6னு ஒரு போர்டு வந்துச்சு, அதுல ரெண்டு செலரான் மாட்டலாம். அப்பல்லாம் ஒரு சிப்புன்னா ஒரு கோர் தான், ஒரு வேலை ஓடும்போது மெஷின் திணறாம இருக்கணும்னா இன்னொரு சிப் போடுறதைத் தவிர வழியில்ல, அதுவும் விண்டோஸ் 98 ரெண்டாவது சிப்பை கண்டுக்கவே கண்டுக்காது, விண்டோஸ் என்டியோ 2000மோ, இல்ல லினக்ஸோ போட்டாதான் உண்டு, அப்படியிருந்தும் ஆசைப்பட்டு வாங்கினாங்க. 2005-ல பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 வந்து ஒரே சிப்புல ரெண்டு கோர் ஆனதும் அந்தக் காரணமே போயிடுச்சு. 2006-ல ஏஎம்டி குவாட் எஃப்எக்ஸ்னும் 2008-ல இன்டெல் ஸ்கல்ட்ரெய்ல்னும் ரெண்டு சிப் போடுற செட்டப்பைத் திரும்பக் கொண்டு வந்து பாத்தாங்க, ரெண்டும் நிக்கல. இப்போ ரைசன் 9 7950எக்ஸ் ஒரே சிப்புல 16 கோர், பூஸ்ட் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அந்த ஜியான் என்ன முக்கினாலும் 3.3 தான்.

ஸ்டெப் 1: உங்க வேலைக்கு கோர் வேணுமான்னு பாருங்க

நீங்க வழக்கமா பண்ற பெரிய வேலை ஒன்னை, வீடியோ எக்ஸ்போர்ட்டோ பிளெண்டர்ல (3டி சாஃப்ட்வேர்) ரெண்டரோ, இப்ப இருக்கிற மெஷின்லயே ஓட விடுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், பெர்ஃபார்மன்ஸ் உள்ள போய் சிபியு கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி, சேஞ்ச் கிராஃப் டூ, லாஜிக்கல் ப்ராசசர்ஸ் குடுங்க. த்ரெட்டுக்கு ஒரு கட்டம் வரும். எல்லா கட்டமும் உச்சி வரைக்கும் ஏறி அப்படியே நின்னா உங்க வேலை உண்மையிலேயே கோர் கேக்குது. ரெண்டு மூணு மட்டும் ஏறி இறங்கினா 56 த்ரெட் வாங்கினாலும் மிச்சமெல்லாம் சும்மாதான் கிடக்கும், கேம்ல பெரும்பாலும் இந்த நிலைமைதான். ஒன்னு மட்டும் கவனிங்க, விண்டோஸ் ஒரே த்ரெட்டை கோர் மாத்தி கோர் தூக்கிப் போடும், அதனால எல்லா கட்டமும் லேசா ஆடுறதைப் பாத்து ஏமாந்துடாதீங்க.

ஸ்டெப் 2: ரேம் எவ்ளோ வேணும், கார்டு எத்தனை

இங்கதான் ரெண்டாவது சாக்கெட்டுக்கு நிஜமான மதிப்பு இருக்கு. சாதாரண டெஸ்க்டாப் போர்டுல நாலு ரேம் ஸ்லாட், டூயல் போர்டுல எட்டுல இருந்து பதினாறு வரைக்கும் வரும். ஒவ்வொரு இ5 வி4-க்கும் நாலு மெமரி சேனல் (ரேமுக்குப் போற பாதை), 40 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (கார்டுக்குப் போற பாதை). பத்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே மெஷினுக்குள்ள தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது) போட்டு நெட்வொர்க் லேப் கத்துக்கணும், நாலஞ்சு கார்டு சொருகணும்னா இந்த மெஷின் நல்லா உழைக்கும்.

ஆனா ரேம் ரெண்டு சிப்புக்கும் பொது கிடையாது, அதது பக்கத்துல இருக்கிற ஸ்லாட் அததுக்கு சொந்தம். இந்த சிப்புக்கு அந்தப் பக்க ரேம்ல இருக்கிற டேட்டா வேணும்னா நடுவுல இருக்கிற க்யூபிஐ லிங்க் வழியா போய் எடுத்துட்டு வரணும், பக்கத்து வீட்டுக்குப் போய் சர்க்கரை வாங்கிட்டு வர மாதிரி, கிடைக்கும் ஆனா நேரம் ஆகும். இதைத்தான் நூமான்னு சொல்றாங்க. நிறைய சாஃப்ட்வேர் இதைப் பத்தி யோசிச்சு எழுதினது இல்ல, அதனாலதான் கோர் ரெண்டு மடங்கானாலும் வேகம் ரெண்டு மடங்கு ஆகாது.

ஸ்டெப் 3: ஓஎஸ்

விண்டோஸ் ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் எடுத்துக்கும், ரெண்டுக்கு ப்ரோ வேணும். விண்டோஸ் 11 சப்போர்ட் லிஸ்ட்ல இந்த ஜியான் கிடையாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. லினக்ஸோ, விர்ச்சுவல் மெஷின் ஓட்டுறதுக்குன்னே இருக்கிற ப்ராக்ஸ்மாக்ஸோ போடுறதா இருந்தா இந்தத் தலைவலியே இல்ல.

ஸ்டெப் 4: கரண்ட் பில்

ஒரு சிப்புக்கு டிடிபி (முழு வேலையில வெளிய தள்ளுற சூட்டோட அளவு, கரண்ட் எவ்ளோ இழுக்கும்னு இதை வச்சு தோராயமா சொல்லலாம்) 120 வாட், ரெண்டு சேந்தா 240. சும்மா ஒரு கணக்குக்கு, இப்ப இருக்கிற மெஷினை விட 100 வாட் கூட இழுக்குதுன்னு வைங்க, தினம் 10 மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில்லுங்கிறதால 60 யூனிட் கூடும். அது உங்களை அடுத்த ஸ்லாப்புக்கு தள்ளுதான்னு பழைய பில்லை எடுத்து வச்சுப் பாருங்க.

ஸ்டெப் 5: கூட வாங்க வேண்டியது

போர்டு பெருசு, சாதாரண கேபினட்ல உக்காராது, ஸ்க்ரூ ஓட்டையும் பொருந்தாம போகலாம், அளந்து பாத்து வாங்குங்க. எஸ்எம்பிஎஸ்ல சிபியுவுக்குன்னு 8 பின் கேபிள் ரெண்டு இருக்கணும். கூலர் விஷயத்துல நான் ஏமாந்து மாட்டிக்கிட்டேன். இந்த சாக்கெட்டுல ஸ்கொயர், நேரோன்னு ரெண்டு வகை இருக்கு, ஸ்கொயருக்கு ஓட்டை இடைவெளி 80க்கு 80 மிமீ, நேரோவுக்கு 56க்கு 94. நான் ஸ்கொயர் கூலர் ரெண்டு வாங்கிட்டு வந்து வச்சா போர்டு நேரோ, திருப்பிக் குடுத்து மாத்த ஒரு வாரம் போச்சு.

ஸ்டெப் 6: கடையிலயே டெஸ்ட்

இந்த சாக்கெட்டுல பின் எல்லாம் போர்டுல இருக்கும், சிப்புல இல்ல. சிப்பைக் கழட்டச் சொல்லி மொபைல் டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, எல்லா பின்னும் ஒரே வரிசையா மினுங்கணும், ஒன்னு மட்டும் வேற பக்கம் மினுங்கினா அது வளைஞ்சிருக்கு. நான் பாத்த முதல் போர்டுல 8 ஜிபி ஸ்டிக் எட்டு போட்டும் 56 ஜிபி தான் காட்டுச்சு, ரேமை மாத்தி மாத்திப் போட்டும் அதே 56, கடைசில பாத்தா ரெண்டாவது சாக்கெட்டுல ஓரமா ஒரே ஒரு பின் படுத்துக் கிடந்துச்சு, அதால ஒரு சேனலே செத்துப் போயிருந்துச்சு. கடைக்காரர் வேற போர்டு எடுத்துக் குடுத்தார், அதுல 64ம் வந்துச்சு.

பென் டிரைவ்ல ஒரு லினக்ஸ் போட்டு எடுத்துட்டுப் போங்க. டெர்மினல்ல எல்எஸ்சிபியுன்னு (lscpu) அடிச்சா சாக்கெட் 2, நூமா நோடு 2-ன்னு வரணும். வீட்டுக்கு வந்ததும் ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ராத்திரி ஓட விட்டுட்டுப் படுங்க, காலைல ஒரு எரர் இருந்தாலும் ரிட்டர்ன் டைம் முடியுறதுக்குள்ள கடைக்குக் கொண்டு போயிடுங்க.