ஸ்கிரிப்டை முதல் தடவையே தடங்கலில்லாம வாசிக்க பழகுறது எப்படி?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வாய்ஸ் ஓவர் பண்ண ஆசைப்படுற நிறைய பேருக்கு குரல் அருமையா இருக்கும், ஆனா புது பேப்பரைக் கையில குடுத்ததும் திக்கிருவாங்க. அதுக்கு காரணம் குரல் இல்ல மக்கா, கண்ணு. வாய் சொல்ற வார்த்தையிலயே கண்ணும் நின்னுட்டா தடுமாறத்தான் செய்யும், கண்ணு எப்பவும் ரெண்டு மூணு வார்த்தை முன்னால போயிட்டே இருக்கணும்.

தமிழ்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா வினை கடைசியிலதான் வரும். "நீ வரலேன்னு சொன்னதைக் கேட்டு அம்மா" வரைக்கும் வாசிச்சாச்சு, அடுத்தது "சிரிச்சா"வா "அழுதா"வா? அது தெரியாம தொடங்கினா மொத்த வரியும் வேற தொனியில போயிரும்.

அதனால முதல் வேலை, வாயைத் திறக்காம ஒரு தடவை கண்ணை ஓட்டி ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி வார்த்தையையும் பாத்துக்கோங்க.

அடுத்து பென்சில் எடுங்க. மூச்சு விடுற இடத்துல ஒரு சாய்கோடு. "கொண்டுவரப்பட்டிருந்ததாகவும்" மாதிரி நீள வார்த்தை வந்தா "கொண்டுவரப்பட்டு / இருந்ததாகவும்"னு உடைச்சிக்கோங்க. கண்ணு அதிகமா மாட்டுறது எண்ணுலதான். "1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது"ன்னு ஒரு வரி வருதுன்னு வைங்க, 1741-க்கு மேலேயே "ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்றில்"னு எழுதிருங்க, வள்ளுவர் சிலை 133 அடின்னு வந்தாலும் இதேதான். பேர்களையும் கவனிங்க, பாபு, பழனி ரெண்டுலயும் எழுத்து ஒரே ப, சத்தம் வேற, சந்தேகம் வர்ற பேருக்கு மேல ஒரு புள்ளி வச்சிருங்க.

மூணாவதுதான் உண்மையான பயிற்சி. விசிட்டிங் கார்டு ஒண்ணை எடுத்து, ஒரு வார்த்தையைச் சொல்லத் தொடங்கும்போதே அதை மறைச்சிட்டு இடமிருந்து வலமா தள்ளிட்டே போங்க, அப்போ கண்ணுக்கு முன்னால ஓடுறதைத் தவிர வேற வழி இருக்காது. ஆரம்பத்துல எரிச்சலா வரும், விட்டுராதீங்க.

தினமும் பத்து நிமிஷம் இதுவரை பாக்காத எதையாவது சத்தமா வாசிங்க. கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ரொம்ப நல்லது, பேரும் நேரமும் தேதியுமா நெருக்கமா இருக்கும். தப்பு வந்தாலும் திரும்பிப் போகாம வாசிச்சிட்டே போங்க. நம்ம ஊர்ப் பேச்சுக்கு இயல்பாவே வேகம் ஜாஸ்தி, அந்த வேகம் இங்க வேண்டாம், பைய வாசிங்க, தடங்கல் போனா வேகம் பின்னாலயே வரும்.

அதை போன்ல ரெக்கார்ட் பண்ணி, கேக்கும்போது திக்கின இடத்துல பேப்பர்ல டிக் போடுங்க. ழ, ள-லயா, எண்ணுலயா, வரி மாறுற இடத்துலயான்னு ரெண்டு வாரத்துல தெளிவா தெரிஞ்சிரும், அதுக்கேத்த பக்கமா தேடி எடுத்து வாசிங்க. அதே பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிச்சா மனப்பாடம்தான் ஆகும்.

ரெக்கார்டிங்குக்கு பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து பெருசாவும் வரிக்கு நடுவுல இடம் விட்டும் எடுங்க, ஒரு வாக்கியம் பாதியில அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது, பேப்பர் திருப்புற சத்தம் மைக்ல அப்படியே விழும்.