கல்லூரி ஃபுட்பால் டிஃபென்ஸ் வீரரை எடைபோடும்போது ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு டிஃபென்ஸ் வீரர் தேறுவாரா மாட்டாரா என்ற வாக்குவாதம் பெரும்பாலும் சாக் எண்ணிக்கையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பந்து வீசும் குவார்ட்டர்பேக்கை, வீசுமுன் பந்தோடு பின்னாலேயே மடக்கிப் போடுவதுதான் சாக். அது எல்லாருக்கும் தெரிகிறது, கணக்கிலும் ஏறுகிறது. ஆனால் ஓர் ஆட்டத்தில் 60 ஸ்னாப் (பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) ஆடுகிறவருக்கு ஒரு சாக் கிடைத்தாலே அது நல்ல நாள். மீதி 59 ஸ்னாப்பிலும் அவருக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்திருப்பார்கள். அந்த வேலை என்னவென்று கேட்காமல் சொல்லப்படும் பாராட்டுக்கும் மதிப்பில்லை, குறைக்கும் மதிப்பில்லை.

சாக்கை மட்டும் எண்ணுவது

ஓஹையோ ஸ்டேட்டின் வெர்னன் கோல்ஸ்டன் 2007இல் 14 சாக் எடுத்தார். தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2008இல் ஜெட்ஸ் அணி அவரை 6ஆவது ஆளாக எடுத்தது. என்.எஃப்.எல்.லில் மூன்று சீசன் ஆடியும் அவர் ஒரு சாக்கூட எடுக்கவில்லை. மறுபக்கம் எல்.எஸ்.யு.வின் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) டேனியல் ஹன்டர். கல்லூரியில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து அவருக்கு 4.5 சாக், கடைசி வருடமான 2014இல் வெறும் 1.5. வைக்கிங்ஸ் அவரை 2015இல் மூன்றாம் சுற்றில், 88ஆவதாக எடுத்தது. 2023இல் மட்டும் அவர் எடுத்தது 16.5 சாக்.

இதனால் சாக் கணக்கே வீண் என்று ஆகிவிடாது. எப்படி வந்த சாக் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பந்து வைத்து ஆடும் அஃபென்ஸில் எதிரே நின்று தடுக்கும் டாக்கிளைக் கையாலும் காலாலும் வென்று, ஸ்னாப்பிலிருந்து இரண்டரை, மூன்று விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் அது அவர் சம்பாதித்தது. பின்னால், பந்து பிடிக்க ஓடும் ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக்குகள் எல்லாரையும் அடைத்துவிட்டதால் குவார்ட்டர்பேக் நாலு விநாடி பந்தை வைத்துக்கொண்டு நின்று, கடைசியில் இவர் கையில் சிக்கினால் அதில் பாதிப் பெருமை பின்வரிசைக்கு. யாருமே பிளாக் பண்ணாமல் விட்டதால் நேராக ஓடிப்போய்ப் பிடித்ததென்றால் அந்தத் திட்டத்தை வகுத்த டிஃபென்சிவ் கோஆர்டினேட்டருக்குத்தான் கைதட்ட வேண்டும். ஒரு சீசனின் சாக்குகளை இப்படி மூன்று கூடையாகப் பிரிக்க அரைமணி நேரம் போதும். 10 சாக்கில் முதல் கூடையில் மூன்றுதான் விழுந்தால் அடுத்த வருடம் அந்த எண்ணிக்கை நிற்காது.

இன்னும் நல்ல அளவு, பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) போன தடவைகளில் எத்தனை தடவை குவார்ட்டர்பேக்கை நெருக்கினார் என்ற விகிதம். 400 ரஷ்ஷில் 48 நெருக்குதல் என்றால் 12 சதவீதம். 250 ரஷ்ஷில் 40 என்றால் 16 சதவீதம். முதலாமவர் பெயரில் 9 சாக்கும் இரண்டாமவர் பெயரில் 5 சாக்கும் இருந்தாலும், அடுத்த சீசனுக்கு இரண்டாமவரைத்தான் நம்பலாம். நெருக்குதல் விகிதம் வருடத்துக்கு வருடம் ஓரளவு நிலையாக நிற்கும். சாக் அப்படி நிற்காது.

பழைய காலத்தோடு ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. டிஃபென்ஸ் வீரர்களின் தனிநபர் கணக்கை அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியது 2000இல்தான். சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்கள் கணக்கில் சேர்ந்தது 2002இலிருந்து. அதனால்தான் 2002இல் 24 சாக் எடுத்த அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் பெயர் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. 1988இல் அலபாமாவுக்காக 27 எடுத்த டெரிக் தாமஸ் பெயர் அதில் இல்லை.

சாக் குறைந்ததும் "சரிந்துவிட்டார்" என்பது

சவுத் கரோலைனாவின் ஜடேவியன் கிளவுனி 2012இல் 13 சாக் எடுத்தார். 2013 ஜனவரி 1ஆம் தேதி அவுட்பேக் பவுலில் மிஷிகனின் வின்சென்ட் ஸ்மித்தைப் பந்து வாங்கிய கணமே அடித்து, ஹெல்மெட் பறக்க, பந்து கீழே விழ, அதையும் தானே எடுத்தார். அந்த ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் அடுத்த சீசனில் ஒவ்வொரு வாரமும் அதையே எதிர்பார்த்தார்கள். 2013இல் அவருக்குக் கிடைத்தது 3 சாக். சோம்பேறி, மனம் டிராஃப்டுக்குப் போய்விட்டது என்றெல்லாம் பேசினார்கள். 2014 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் அவர்தான்.

இந்த மாதிரி வீழ்ச்சியைப் பார்க்கும்போது எதிரணி என்ன மாற்றியது என்று முதலில் பாருங்கள். அவர் பக்கம் டைட் எண்டைக் (லைன் ஓரத்தில் நின்று பிளாக் பண்ணவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) கூடுதலாக நிறுத்தினார்களா, ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுகிறவர்) வெளியே ஓடுமுன் அவர் விலாவில் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போகிறாரா, ஓட்டங்களெல்லாம் எதிர்ப்பக்கமே போகின்றனவா, குவார்ட்டர்பேக் பந்தை இரண்டு விநாடிக்குள் விட்டுவிடுகிறாரா. இந்த நாலும் ஆம் என்றால், ஒருவரைச் சமாளிக்க எதிரணி தன் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறது. பக்கத்தில் ஆடுகிறவருக்கு அந்த வருடம் சாக் ஏறியிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த மாற்றம் எதுவும் இல்லாமலே எண்ணிக்கை விழுந்திருந்தால் அப்போது கவலைப்படலாம்.

கொடுத்த வேலை தெரியாமல் குறை சொல்வது

வாக்குவாதங்களில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான்.

ஜார்ஜியாவின் 2021 டிஃபென்ஸிலிருந்து அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே ஐந்து பேர் போனார்கள். அவர்களில் டிரேவன் வாக்கர் முதல் ஆளாக எடுக்கப்பட்டபோது, "வெறும் 6 சாக் எடுத்தவரா, 14 எடுத்த மிஷிகனின் எய்டன் ஹட்சின்சனுக்கு மேலா?" என்று கொதித்தவர்கள் ஏராளம். ஜார்ஜியாவில் வாக்கர் பல ஸ்னாப்பில் உள்ளே தள்ளி நின்று ஆடினார். ஆட்களை மாற்றி மாற்றி இறக்கும் அணி அது. எனவே 6 என்பது அவருக்கு எதிரான சாட்சி ஆகாது. அதே நேரம், "திட்டம்தான் அவரைக் கட்டிப்போட்டது" என்பதும் ஆதாரமில்லாமல் சொன்னால் வெறும் நம்பிக்கைதான். தனியாக எட்ஜில் (லைனின் வெளி ஓரத்தில்) நின்று ரஷ் போன ஸ்னாப்புகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் என்ன செய்தார் என்று காட்டினால்தான் அது வாதம். அதே அணியின் ஜோர்டன் டேவிஸுக்கு அந்த சீசனில் 2 சாக்தான். ஆனால் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட், சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான பெட்னாரிக் விருது இரண்டையும் அவர் வாங்கினார். நடுவில் இரண்டு பிளாக்கர்களைத் தன் மேல் கட்டிவைத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களைச் சுத்தமாக ஓடவிடுவது அவர் வேலை. கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

இனி ஸோன் ரீட் ஆட்டத்தில், அதாவது லைன் ஓரத்தில் நிற்கும் எண்டைப் பார்த்துப் பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுக்கும் ஆட்டத்தில், எண்ட் மேல் விழும் பழி. அஃபென்ஸ் வேண்டுமென்றே ஒரு டிஃபென்சிவ் எண்டைப் பிளாக் பண்ணாமல் விடுகிறது. அவர் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். 20 யார்டு போனதும் டிவியில் எண்ட் ஏமாந்து நிற்பது போலத் தெரியும். "ஒழுக்கமில்லாமல் ஆடுகிறார்" என்று தீர்ப்பு வந்துவிடும். ஆனால் ஸ்க்ரேப் எக்ஸ்சேஞ்ச் என்ற ஏற்பாட்டில் எண்டின் வேலையே ரன்னிங் பேக் மேல் பாய்வதுதான். குவார்ட்டர்பேக்கைப் பார்க்க வேண்டியவர் உள்ளேயிருந்து வெளியே சுற்றி வரும் லைன்பேக்கர். யார் தவறு என்று கண்டுபிடிக்க, ஸ்னாப் ஆனதும் அந்த லைன்பேக்கரின் முதல் இரண்டு அடியைப் பாருங்கள். வெளிப்பக்கம் அடி வைத்தால் அந்த ஏற்பாடு இருந்திருக்கிறது, அவர்தான் தாமதமாக வந்தார். அவர் நேராக உள்ளே போய் இடைவெளியை அடைத்தால், வெளியே நின்றிருக்க வேண்டியவர் எண்ட்.

கார்னர்பேக்குக்கு நேர்வது இதைவிட அநியாயம். மில்ஸ் என்ற பாஸ் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். புளோரிடாவில் ஸ்டீவ் ஸ்பரியர் காலத்தில் பேர்பெற்றது. உள்ளே நிற்கும் ரிசீவர் ஏறத்தாழ 12 யார்டு ஓடி நடுவே திரும்புவார். வெளியே நிற்கும் ரிசீவர் அவருக்குப் பின்னால் கோல்போஸ்ட்டை நோக்கிச் சாய்ந்து ஆழமாக ஓடுவார். டிஃபென்ஸ் குவார்ட்டர்ஸ் கவரேஜில் (ஆழப் பகுதியை நாலு பேர் பங்கிட்டுக் காப்பது) இருக்கிறது. கார்னர்பேக் ரிசீவருக்கு வெளிப்பக்கமாக நிற்கிறார், ஏனென்றால் உட்பக்கம் சேஃப்டி (கடைசி வரிசையில் நின்று காப்பவர்) இருக்கிறார் என்பது ஏற்பாடு. சேஃப்டி அந்த 12 யார்டு ஓட்டத்தைக் கண்டு முன்னால் பாய்ந்துவிட்டால் நடு முழுக்கக் காலி. பந்து தலைக்கு மேல் போகும்போது கேமராவில் வருவது கார்னர்பேக் இரண்டு அடி பின்தங்கி ஓடுவது மட்டும்தான். சேஃப்டி சட்டகத்திலேயே இல்லை. டச்டவுன் கார்னர்பேக் பெயரில் எழுதப்படுகிறது. மறுஒளிபரப்பில் பின்பக்கக் கேமரா காட்டினால், சேஃப்டியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியது என்று பாருங்கள். ஒரு தடவையில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே அமைப்பை மூன்று நான்கு தடவை பார்த்தால் யாருடைய பொறுப்பு என்பது தெளிவாகும்.

இன்டர்செப்ஷன் (எதிரணி வீசிய பந்தைப் பறித்துக்கொள்வது) எண்ணிக்கையும் இதே கோளாறுதான். எல்.எஸ்.யு.வின் டெரிக் ஸ்டிங்லி ஜூனியர் 2019இல் முதலாண்டு மாணவராக 6 எடுத்தார். அடுத்த இரண்டு சீசனில் காயங்களோடு ஆடியவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டெக்சன்ஸ் அவரை 2022இல் மூன்றாவதாக எடுத்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. 2024இல் அவர் என்.எஃப்.எல்.லின் சிறந்தவர்கள் பட்டியலான ஆல் ப்ரோ முதல் அணியில் இருந்தார். கார்னர்பேக்குக்கு, கவரேஜில் நின்ற ஸ்னாப் ஒன்றுக்கு எத்தனை யார்டு விட்டார், எத்தனை ஸ்னாப்புக்கு ஒருமுறை அவர் பக்கம் பந்து வீசினார்கள் என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

டேக்கிள் எண்ணிக்கை

டேக்கிள் என்பது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது, லைனில் நிற்கும் டாக்கிள் வேறு. டேக்கிளைக் கணக்கெடுப்பது சொந்த மைதானத்து ஆட்கள். உதவி டேக்கிளைத் தாராளமாகக் கொடுக்கும் இடமும் உண்டு, கையை இறுக்கும் இடமும் உண்டு. பாஸ்டன் காலேஜின் லூக் கீக்லி 2011இல் 191 டேக்கிள் எடுத்தார், உண்மையிலேயே மகத்தானவர். அதற்காக 120 எடுத்த எல்லா லைன்பேக்கரும் நல்லவர் ஆகிவிட மாட்டார். எங்கே நடந்த டேக்கிள் என்பதுதான் கேள்வி. 10 யார்டு எடுக்க அஃபென்ஸுக்கு நாலு டவுன், அதாவது நாலு வாய்ப்பு. முதல் டவுனில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது, நான்காவதில் முழுவதும் கிடைத்தால் அஃபென்ஸுக்கு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் நிறுத்தியவற்றை மட்டும் எண்ணுங்கள். மூன்றாவது டவுனில் 6 யார்டு தேவைப்படும்போது 8 யார்டு விட்டுவிட்டுப் பிடித்ததும் ஒரு டேக்கிள்தான், ஆனால் ஆட்டம் போய்விட்டது. கூடவே தவறவிட்ட டேக்கிள் விகிதத்தையும் வையுங்கள்: பத்து முயற்சியில் ஒன்றுக்கு மேல் நழுவினால் கவனிக்க வேண்டிய குறை.

ரன் டிஃபென்ஸைப் பேசும்போது இன்னொரு பொறி. கல்லூரிக் கணக்கில் சாக்கில் போன யார்டு ஓட்டக் கணக்கில் கழிகிறது, என்.எஃப்.எல்.லில் பாஸ் கணக்கில் கழியும். எதிரணி 30 தடவை ஓடி 150 யார்டு எடுத்து, 5 சாக்கில் 40 யார்டு இழந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் அட்டையில் 35 ஓட்டம், 110 யார்டு, சராசரி 3.1 என்று வரும். நிஜத்தில் உங்கள் அணியின் நடுவரிசை ஓட்டத்துக்கு 5 யார்டு விட்டிருக்கிறது. சாக்கைக் கழித்துவிட்டுப் பேசாதவரை அந்த டிஃபென்சிவ் டாக்கிளைப் பற்றிய பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

உடலளவு

2014 டிராஃப்டில் 13ஆவதாகப் போன ஆரன் டொனால்டுக்கு உயரம் போதாது என்றார்கள். முந்தைய சீசனில் பிட்ஸ்பர்க்கில் அவர் எதிரணியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்த டேக்கிள் 28.5. சக்ஸ் 40 யார்டு ஓட்டத்தில் மெதுவாக ஓடியதும் பெரிய பேச்சானது, அவர் என்.எஃப்.எல்.லில் முடித்தது 139 சாக்கோடு. எட்ஜ் ரஷருக்கு முதல் 10 யார்டு வேகமும் டாக்கிளைச் சுற்றி வளையும்போது வேகம் குறையாமல் இருப்பதும் முக்கியம். கல்லூரிப் பட்டியலில் போடும் எடையை அப்படியே நம்பவும் வேண்டாம்.

கல்லூரி விதியை மறந்து என்.எஃப்.எல். கணிப்பது

ஸ்னாப்புக்குப் பந்தை வைக்கும் எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18.5 அடி. பந்து ஒரு ஹாஷில் இருந்தால் கல்லூரியில் அகலப் பக்கம் 100 அடி விரிந்து கிடக்கும். அணி தன் வேகமான கார்னர்பேக்கை எப்போதும் அந்தப் பக்கமே நிறுத்துகிறதா என்று பாருங்கள். அவரும் குறுகிய பக்கத்தில் நிற்பவரும் எடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று சமமல்ல. பாஸ் இன்டர்ஃபெரன்ஸுக்குக் (பந்து வரும்போது ரிசீவரைப் பிடித்துத் தடுப்பது) கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு தண்டனை. 40 யார்டு பந்தில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தால் பிடித்து இழுப்பது அங்கே லாபம். என்.எஃப்.எல்.லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். 5 யார்டுக்கு மேல் ரிசீவரைத் தொடக்கூடாது என்ற விதியும் கல்லூரியில் இல்லை. எனவே கையை வைத்தே ஆடும் கார்னர்பேக்கைப் பார்க்கும்போது, 8, 10 யார்டு தாண்டியும் கை ரிசீவர் மேல் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். லைன்பேக்கருக்கும் ஒரு சலுகை தர வேண்டும்: கல்லூரியில் அஃபென்ஸ் லைன்மேன் பாஸ் ஆட்டத்தில் 3 யார்டு வரை முன்னால் வரலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். பெரிய ஆள் தன்னை நோக்கி வருவதைக் கண்டு ஓட்டம் என்று முன்னே போன லைன்பேக்கரின் முதுகுக்குப் பின்னால் பந்து விழுந்தால், அவருக்கு ஆட்டம் புரியவில்லை என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

குறை என்று உறுதியான பிறகும் அது எந்த வகைக் குறை என்று சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று ரஷ் போவது, கையைத் தாமதமாக வைப்பது, ஒரே மூவை நம்பியிருப்பது ஆகிய மூன்றும் நல்ல லைன் கோச்சிடம் ஒரு வருடத்தில் திருந்தும். இடுப்பு இறுகி, ரிசீவர் திரும்பும்போது கூடவே திரும்ப முடியாத கார்னர்பேக்குக்கு எந்தப் பயிற்சியும் அதைக் கொடுத்துவிடாது. அவரை சேஃப்டியாக மாற்றினால் ஆட்டம் இருக்கிறதா என்பதுதான் அங்கே பேச வேண்டியது.